நகராட்சிக் கட்டடத்துக்கு ஒப்பந்ததாரர் தேர்வாவது எப்படி: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒரு மாநகராட்சியோ நகராட்சியோ பள்ளிக் கட்டடம், சமுதாயக் கூடம், தினசரிச் சந்தை போன்ற ஒன்றைக் கட்டத் தீர்மானித்த நாளிலிருந்து ஒப்பந்ததாரர் கையில் பணி ஆணை சேரும் நாள்வரை என்னென்ன நடக்கின்றன, அவற்றை எந்த ஆவணத்தில் பார்க்கலாம், எந்த இடத்தில் கேள்வி கேட்கலாம் என்பதைத் தமிழ்நாட்டு நடைமுறையை வைத்து இங்கே விளக்குகிறேன். முதல்முறையாக மாமன்ற உறுப்பினரானவர்கள், பொறியியல் பிரிவில் புதிதாகச் சேர்ந்த உதவிப் பொறியாளர்கள், முதல் டெண்டரில் கலந்துகொள்ள நினைக்கும் இளம் ஒப்பந்ததாரர்கள், தம் தெருவில் எழப்போகும் கட்டடத்தைப் பற்றி அறிய விரும்பும் குடியிருப்போர் ஆகியோரை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

பொதுவாக எல்லோருடைய கவனமும், போட்டியாளர்கள் கேட்கும் விலை அடங்கிய விலை உறை திறக்கப்படும் நாளில்தான் குவிகிறது. உள்ளாட்சிப் பொறியியல் கோப்புகளோடு நெடுநாள் பழகியவன் என்ற முறையில் நான் சொல்ல விரும்புவது இதுதான்: யார் வெல்வார், கட்டடம் எப்படி அமையும் என்பவற்றில் பெரும்பகுதி அந்த நாளுக்கு வெகு முன்னதாகவே, மதிப்பீடு தயாரிக்கும் மேசையிலும் தகுதி நிபந்தனைகள் எழுதப்படும் மேசையிலும் முடிவாகிவிடுகிறது. ஆகவே அந்த இரண்டையும் பற்றி நீளமாகவும், மற்றவற்றைப் பற்றிச் சுருக்கமாகவும் பேசுகிறேன்.

மதிப்பீட்டைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

கட்டடம் வேண்டும் என்ற கோரிக்கை எழுந்ததும் பொறியியல் பிரிவு வரைபடமும் மதிப்பீடும் தயாரிக்கிறது. மண் தோண்டுவது முதல் வெள்ளையடிப்பது வரை ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை கன மீட்டர், எத்தனை சதுர மீட்டர் என்று அளவு கணக்கிட்டு, பொதுப்பணித் துறை ஆண்டுதோறும் வெளியிடும் விலை விகிதப் பட்டியலில் உள்ள விலையால் பெருக்கி, சரக்கு மற்றும் சேவை வரி, தொழிலாளர் நல நிதி, எதிர்பாராச் செலவு ஆகியவற்றைச் சேர்த்தால் வருவதே மதிப்பீட்டுத் தொகை. இதற்கு இரண்டு அனுமதிகள் தேவை. இந்த வேலையை இந்தத் தொகைக்குள் செய்யலாம், நிதி இந்தத் தலைப்பிலிருந்து வரும் என்று சொல்வது நிர்வாக அனுமதி. வடிவமைப்பும் அளவுகளும் விலைகளும் சரியானவை என்று தகுதியுள்ள பொறியாளர் சான்றளிப்பது தொழில்நுட்ப அனுமதி. இரண்டும் கிடைக்காமல் டெண்டர் விடப்பட்டிருந்தால், அந்த ஒரு காரணமே கோப்பை நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்கப் போதுமானது.

மதிப்பீட்டில் முதலில் பார்க்க வேண்டியது மொத்தத் தொகையை அல்ல, மண் பரிசோதனை அறிக்கையைத்தான். கரிசல் மண் பகுதியில் இருந்த ஓர் ஊரில், பரிசோதனை செய்யாமலே சாதாரண அடித்தளத்துக்கு மதிப்பிட்டு ஒரு பள்ளிக் கட்டடத்துக்கு டெண்டர் விட்டதைப் பார்த்திருக்கிறேன். தோண்டத் தொடங்கிய பிறகே அந்த மண் மழையில் உப்பி வெயிலில் சுருங்கிப் பிளக்கும் மண் என்பது கோப்பில் ஏறியது. ஊராருக்கு அது எப்போதும் தெரிந்த செய்தி. துளையிட்டு இறக்கும் பைல் அடித்தளத்துக்கு வடிவமைப்பை மாற்ற வேண்டியிருந்தது. திருத்திய மதிப்பீட்டுக்கு அனுமதி வரும்வரை வேலை நின்றது. பிள்ளைகள் கூடுதலாக ஒரு கல்வியாண்டு தகரக் கொட்டகையில் படித்தார்கள். மண் பரிசோதனைக்கு ஆகும் செலவு கட்டடச் செலவில் மிகச் சிறிய பங்கு. அதைத் தவிர்த்ததற்கு ஒப்பந்ததாரரைக் குறை சொல்ல முடியாது.

இரண்டாவதாக, ஒரே கட்டடத்தின் வேலை தரைத்தளம், முதல் தளம், சுற்றுச்சுவர், மின்பணி என்று காரணமின்றிப் பல மதிப்பீடுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மின்பணியைத் தனியாகப் பிரிப்பதில் நியாயம் இருக்கலாம். ஆனால் ஒரே கான்கிரீட் வேலையைத் துண்டுகளாக்குவது, பெரிய தொகைக்கு உரிய மேல்நிலை அனுமதியையும் நீண்ட கால அவகாசத்தையும் தவிர்க்கும் வழியாகவே பெரும்பாலும் அமைகிறது.

சட்டம் என்ன சொல்கிறது

தமிழ்நாட்டில் அரசுத் துறைகளும் உள்ளாட்சி அமைப்புகளும் செய்யும் கொள்முதலை, 1998-ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டமும் அதன்கீழ் 2000-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட விதிகளும் ஆள்கின்றன. டெண்டரை அழைக்கும் அதிகாரி, அதை ஏற்கும் அதிகாரி, கூர்ந்தாய்வுக் குழு என்று பொறுப்புகளைச் சட்டம் தனித்தனியே வகுக்கிறது. இயற்கைப் பேரிடர் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. சட்டத்தின் 16-ஆவது பிரிவு அவற்றைப் பட்டியலிடுகிறது. ஒரு சமுதாயக் கூடத்தை அவசரம் என்று சொல்லி அந்தப் பிரிவுக்குள் கொண்டுவர யாராவது முயன்றால், அந்த அவசரத்துக்கான காரணம் கோப்பில் எழுத்தில் இருக்கிறதா என்று கேட்பது உங்கள் கடமை.

தகுதி நிபந்தனைகள்: உண்மையான வாசல்

டெண்டர் ஆவணத்தில் வரைபடங்கள், அளவுப் பட்டியல், ஒப்பந்த நிபந்தனைகள் ஆகியவற்றோடு, யார் போட்டியிடலாம் என்ற தகுதி நிபந்தனைகளும் இருக்கும். ஒப்பந்ததாரர் உரிய வகுப்பில் பதிவு பெற்றிருக்க வேண்டும், சொத்து மதிப்புச் சான்று தர வேண்டும், வரிக் கணக்குகள் தாக்கல் செய்திருக்க வேண்டும், இதே போன்ற கட்டடங்களை முன்பு முடித்திருக்க வேண்டும், இயந்திரங்களும் பொறியாளர்களும் வைத்திருக்க வேண்டும் என்பன வழக்கமானவை.

நிபந்தனை தளர்வாக இருந்தால் அனுபவமில்லாதவர் உள்ளே வந்து பாதியில் கைவிடுவார். இறுக்கமாக இருந்தால் ஒருவர் அல்லது இருவரே மிஞ்சுவர். சரியான அளவு எது? மத்திய கண்காணிப்பு ஆணையம் 2002 டிசம்பரில் மத்திய அரசு நிறுவனங்களுக்கு அனுப்பிய குறிப்பு நல்ல அளவுகோல். கடந்த ஏழு ஆண்டுகளில் மதிப்பீட்டுத் தொகையின் 40 விழுக்காட்டுக்குக் குறையாத மூன்று ஒத்த பணிகள், அல்லது 50 விழுக்காட்டுக்குக் குறையாத இரண்டு, அல்லது 80 விழுக்காட்டுக்குக் குறையாத ஒன்றை முடித்திருக்க வேண்டும். கடந்த மூன்று ஆண்டுகளில் அவருடைய சராசரி ஆண்டு விற்றுமுதல், மதிப்பீட்டுத் தொகையில் 30 விழுக்காடாவது இருக்க வேண்டும் என்று அது கூறுகிறது. 6 கோடி ரூபாய்க்கு ஒரு கூடம் கட்டுவதாக வைத்துக்கொண்டால், 2.40 கோடியில் மூன்று கட்டடங்களோ, 3 கோடியில் இரண்டோ, 4.80 கோடியில் ஒன்றோ கட்டியவர் தகுதி பெறுவார். அவருடைய சராசரி ஆண்டு விற்றுமுதல் 1.80 கோடியாவது இருக்க வேண்டும். உள்ளாட்சி அமைப்பு தன் நிபந்தனைகளைத் தானே வகுத்துக்கொள்ளலாம் என்றாலும், இதிலிருந்து வெகுதூரம் விலகினால் ஏன் என்று கேட்கலாம். 6 கோடிக் கட்டடத்துக்கு 15 கோடிக் கட்டடம் கட்டிய அனுபவம் எதற்கு? இதே மாவட்டத்தில் இதே அமைப்புக்குக் கட்டியிருக்க வேண்டும் என்று ஏன்? இப்படிப்பட்ட வரி ஒன்று ஆவணத்தில் இருந்தால், அது யாரோ ஒருவரைப் பார்த்து எழுதப்பட்டிருக்கலாம் என்ற ஐயம் நியாயமானதே.

புதியவர்கள் பெரும்பாலும் தாண்டிச் சென்றுவிடும் இன்னொரு கணக்கு, ஒப்பந்ததாரருக்கு மீதமுள்ள வேலைத்திறன். பெரிய பணிகளில் இதை ஒரு வாய்பாட்டால் பார்க்கிறார்கள். கடந்த ஐந்து ஆண்டுகளில் அவர் ஓர் ஆண்டில் அதிகமாகச் செய்த வேலையின் மதிப்பை, இந்தப் பணிக்கு ஒதுக்கப்பட்ட ஆண்டுகளாலும், பிறகு ஆவணத்தில் குறிப்பிட்ட பெருக்கெண்ணாலும் (பெரும்பாலும் இரண்டு) பெருக்கி, அந்தக் காலத்துக்குள் அவர் முடிக்க வேண்டிய கைவசப் பணிகளின் மதிப்பைக் கழிக்க வேண்டும். ஒருவர் ஓர் ஆண்டில் அதிகமாகச் செய்தது 4 கோடி. பணிக்காலம் ஒன்றரை ஆண்டு. பெருக்கெண் இரண்டு. மூன்றையும் பெருக்கினால் 12 கோடி. கைவசம் 7 கோடி வேலை இருந்தால் மீதத் திறன் 5 கோடி. எத்தனை நல்ல பெயர் இருந்தாலும், 6 கோடிக் கூடத்துக்கு அவர் தகுதியற்றவர். கைவசப் பணிகளை மறைத்துக் காட்டுவது அரிதன்று. பிற துறைகளிடம் கேட்டுச் சரிபார்க்க வேண்டிய இடம் இதுதான், ஏனெனில் ஒரே நேரத்தில் பல வேலைகளை இழுத்துப் போட்டுக்கொண்டவரின் கட்டடங்கள்தாம் தூண் மட்டத்தில் கம்பி துருப்பிடித்து நிற்கின்றன.

வெளியிட்ட நிபந்தனையைப் பிறகு ஒருவருக்காகத் தளர்த்த முடியாது என்பது இந்தியச் சட்டத்தில் நிலைபெற்ற கொள்கை. பம்பாய் விமான நிலையத்தில் உணவகம் நடத்த விடப்பட்ட டெண்டரில், ஐந்தாண்டு அனுபவமுள்ள, பதிவு பெற்ற இரண்டாம் தர ஓட்டல்காரர்களே விண்ணப்பிக்கலாம் என்று அறிவித்துவிட்டு, அத்தகுதி இல்லாதவருக்குக் கொடுத்த வழக்கில், தானே வகுத்த அளவுகோலுக்கு அரசு அமைப்பு கட்டுப்பட்டது என்று உச்ச நீதிமன்றம் 1979-இல் தீர்ப்பளித்தது. ஆயினும் அந்த ஒப்பந்தத்தை நீதிமன்றம் ரத்து செய்யவில்லை. வழக்குத் தொடர்ந்தவர் தாமதமாக வந்ததும், அதற்குள் ஒப்பந்தம் பெற்றவர் செலவு செய்துவிட்டதும் காரணங்களாகக் கூறப்பட்டன. நிபந்தனையில் குறை கண்டால் ஆவணம் வெளியான வாரத்திலேயே எழுத்தில் கேளுங்கள். டெண்டர் முடிந்த பிறகு எழுப்பும் கேள்வி, சரியானதாகவே இருந்தாலும், பயன் தராமல் போகலாம்.

அறிவிப்பும் அவகாசமும்

டெண்டர் அறிவிப்பு ஒப்பந்தப்புள்ளிச் செய்தியிதழிலும், தொகைக்கேற்ப நாளிதழ்களிலும், தமிழ்நாடு அரசின் இணையவழிக் கொள்முதல் தளத்திலும் வெளியாகும். இரண்டு கோடி ரூபாய் வரையான பணிக்குக் குறைந்தது 15 நாளும், அதற்கு மேற்பட்ட பணிக்கு 30 நாளும் அவகாசம் தர வேண்டும் என்பது விதி. அதைக் குறைப்பதாயின், டெண்டர் அழைக்கும் அதிகாரிக்கு மேற்பட்டவர் காரணத்தை எழுதி அனுமதிக்க வேண்டும். நாள் குறைந்தால் இழப்பு புதியவருக்கே. முன்கூட்டியே தகவல் தெரிந்தவருக்கு ஏழு நாளும் போதும்.

இளம் ஒப்பந்ததாரர்கள் இந்த அவகாசத்தில் மூன்றைச் செய்ய வேண்டும். டிஜிட்டல் கையொப்பச் சான்றிதழையும் தளப் பதிவையும் முன்பே முடித்துவிடுங்கள்; கடைசி நாள் மாலையில் கோப்பு ஏறாமல் போனதற்கு எந்த அதிகாரியும் இரங்க முடியாது. டெண்டருடன் பிணையாகச் செலுத்தும் முன்வைப்புத் தொகையை ஆவணம் சொன்ன வடிவத்திலேயே கட்டுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, இடத்தை நேரில் போய்ப் பாருங்கள். லாரி திரும்ப வழியிருக்கிறதா, தண்ணீர் எங்கிருந்து வரும், மின்கம்பி குறுக்கே போகிறதா என்பவை அளவுப் பட்டியலில் இரா. ஐயம் இருந்தால் டெண்டருக்கு முந்தைய கூட்டத்தில் கேளுங்கள். விளக்கம் எழுத்தில், எல்லாப் போட்டியாளருக்கும் ஒரே நேரத்தில் தரப்பட வேண்டும். தொலைபேசியில் ஒருவருக்கு மட்டும் சொல்லப்படும் விளக்கத்துக்கு மதிப்பு இல்லை.

இரண்டு உறைகள்

பெரிய பணிகளில் இரு உறை முறை கையாளப்படுகிறது. தொழில்நுட்ப உறையைத் திறந்து தகுதிச் சான்றுகளைக் குழு ஆராய்கிறது. அதில் தேறியவர்களின் விலை உறையை மட்டுமே பிறகு திறக்கிறார்கள். விலையைப் பார்த்துவிட்டுத் தகுதியை ஆராய்ந்தால் மனம் சாய்ந்துவிடும் என்பதாலேயே இந்த வரிசை. எனவே தொழில்நுட்ப உறையில் ஒருவர் ஏன் நீக்கப்பட்டார் என்ற பதிவைக் கவனமாகப் படியுங்கள். ஒருவர் ஏதோ ஒரு சான்றின் நகலை இணைக்கவில்லை என்று நீக்கப்பட்டு, அதே குறை உள்ள இன்னொருவர் ஏற்கப்பட்டிருந்தால், அந்த முடிவு நிலைக்காது.

விலை உறை திறந்ததும் ஒப்பீட்டுப் பட்டியல் தயாராகிறது. ஆவணத்தில் குறிப்பிட்ட, அளந்து காட்டக்கூடிய காரணிகளின்படி குறைந்த விலையாக நிற்பதை ஏற்க வேண்டும் என்பது சட்டத்தின் 10-ஆவது பிரிவு. அந்தக் குறைந்த விலையும் சந்தை விலையைவிட, அல்லது விலை விகிதப் பட்டியலைவிட அதிகம் என்று தோன்றினால் அவரிடம் மட்டும் பேசிக் குறைக்கலாம். இரண்டாவது, மூன்றாவது இடத்தில் உள்ளவர்களை அழைத்துப் பேசுவதற்கு இடமில்லை. அப்படிப் பேசத் தொடங்கினால் மூடிய உறைக்கு அர்த்தமே போய்விடும்.

குறைந்த மொத்தம் எப்போதும் குறைந்த செலவாக முடிவதில்லை என்பதை ஒரு கணக்கால் காட்டுகிறேன். அளவுப் பட்டியலில் கடும்பாறை வெட்டுவது 50 கன மீட்டர் என்று இருக்கிறது. போட்டியாளர்களில் முதலாமவர் கன மீட்டருக்கு 600 ரூபாய் கேட்கிறார். இரண்டாமவர் 2,500 கேட்கிறார், ஆனால் மற்ற வேலைகளில் 2 லட்சம் குறைத்திருக்கிறார். பாறைக்கு முதலாமவரின் தொகை 30,000, இரண்டாமவரின் தொகை 1,25,000. மொத்தத்தில் இரண்டாமவர் 1,05,000 ரூபாய் குறைவு, அவருக்கே வேலை. தோண்டும்போது பாறை 400 கன மீட்டர் வருகிறது. முதலாமவராக இருந்தால் பாறைக்கு 2,40,000 கொடுத்திருப்போம். இரண்டாமவருக்கு 10 லட்சம் கொடுக்கிறோம். மற்றவற்றில் அவர் குறைத்த 2 லட்சத்தைக் கழித்தாலும் 5,60,000 ரூபாய் கூடுதல். பட்டியலில் அளவு தவறு என்பதை அவர் எப்படியோ அறிந்திருந்தார் என்பதே இதன் பொருள். எனவே ஒப்பீட்டுப் பட்டியலில் மொத்தத்தை மட்டும் பாராமல், மதிப்பீட்டு விலையிலிருந்து மிகவும் விலகி நிற்கும் வரிகளை வட்டமிட்டு, அவ்வேலைகளின் அளவைத் திரும்பக் கணக்கிடுங்கள். கூடுதல் அளவுக்கு எந்த விலை தருவது என்ற நிபந்தனை ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மதிப்பீட்டைவிட மிகவும் குறைவாகக் கேட்பவரிடம் கூடுதல் பிணைத் தொகை வாங்கும் வழக்கம் உண்டு. அது நல்ல வழக்கம். ஆயினும் அந்தத் தொகையைவிட, இந்த விலைக்கு சிமென்டும் கம்பியும் கூலியும் எப்படிக் கட்டுப்படியாகும் என்று அவரிடம் விலைப் பகுப்பாய்வு கேட்டுப் படிப்பதுதான் நம்மைக் காப்பாற்றும்.

போட்டி உண்மையானதா

மூன்று பேர் கலந்துகொண்டார்கள் என்பதாலேயே போட்டி நடந்ததாக ஆகாது. மூவரின் முன்வைப்புத் தொகையும் ஒரே வங்கிக் கிளையில் ஒரே நாளில் எடுக்கப்பட்டிருப்பது, ஒரே கணினியிலிருந்து கோப்புகள் ஏறியிருப்பது, கடிதங்களில் ஒரே எழுத்துப்பிழை இருப்பது, வரிக்கு வரி ஒரே விழுக்காட்டு இடைவெளியில் விலைகள் நிற்பது ஆகியவை கூட்டுச் சேர்ந்ததற்கான அறிகுறிகள். 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் இதைத் தடைசெய்கிறது. புனே மாநகராட்சியின் திடக்கழிவு ஆலை டெண்டர்களில் போட்டியாளர்கள் கூட்டுச் சேர்ந்ததாக ஒரு குடிமக்கள் அமைப்பு புகார் கொடுக்க, இந்தியப் போட்டி ஆணையம் விசாரித்து 2018-இல் அந்நிறுவனங்களுக்குத் தண்டம் விதித்தது. புகார் கொடுத்தவர்கள் டெண்டரில் கலந்துகொண்டவர்கள் அல்லர், ஊர் மக்கள் என்பதைக் கவனியுங்கள்.

ஏற்பும் மேல்முறையீடும்

குழுவின் பரிந்துரை, தொகைக்கேற்ப ஆணையர் மட்டத்திலோ மாமன்றத்திலோ முடிவாகிறது. மாமன்றத்துக்கு வரும்போது பல பொருள்கள் ஒன்றாகப் படிக்கப்பட்டு நிறைவேறுவது வழக்கம். புதிய உறுப்பினர்கள் கூட்டத்துக்கு முன்பே ஒப்பீட்டுப் பட்டியலின் நகலைக் கேட்டு வாங்கிவிட வேண்டும். ஏற்கப்பட்டவரின் பெயரையும், மற்றவர்கள் நிராகரிக்கப்பட்ட காரணங்களையும் ஒப்பந்தப்புள்ளிச் செய்தியிதழுக்கு அனுப்ப வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. காரணம் எழுதாத நிராகரிப்பு முழுமையானதன்று.

பாதிக்கப்பட்ட ஒப்பந்ததாரர், ஆணை கிடைத்த 10 நாளுக்குள் 11-ஆவது பிரிவின்கீழ் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். உயர் நீதிமன்றத்தையும் நாடலாம். ஆனால் முடிவு எடுக்கப்பட்ட முறை நேரியதா என்று நீதிமன்றம் பார்க்குமே தவிர, யார் நன்றாகக் கட்டுவார் என்று தானே தேர்ந்தெடுக்காது என்பதை உச்ச நீதிமன்றம் 1994-ஆம் ஆண்டின் கைப்பேசி உரிம வழக்கில் தெளிவாக்கிவிட்டது. குடியிருப்போருக்கு எளிய வழி, தகவல் அறியும் உரிமைச் சட்டம். பத்து ரூபாய்க் கட்டணத்தில் விண்ணப்பித்தால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். "டெண்டர் விவரம் வேண்டும்" என்று பொதுவாக எழுதாதீர்கள். தொழில்நுட்ப அனுமதி ஆணை, மண் பரிசோதனை அறிக்கை, கூர்ந்தாய்வுக் குழுவின் நடவடிக்கைக் குறிப்பு, ஒப்பீட்டுப் பட்டியல் என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

பணி ஆணைக்குப் பின் முதல் வாரம்

ஏற்புக் கடிதம் பெற்றவர் பிணைத் தொகை கட்டி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகு, இடம் ஒப்படைக்கப்பட்டுப் பணி ஆணை வழங்கப்படுகிறது. ஒப்பந்தத்தில் மூன்று பக்கங்களை உடனே பாருங்கள்: முடிக்க வேண்டிய தேதி, தாமதத்துக்கான தண்டம், கட்டி முடித்த பின் ஒழுகல், விரிசல்களை அவரே செலவு செய்து சரிசெய்ய வேண்டிய குறைபாட்டுப் பொறுப்புக் காலம். கூடம் ஒழுகத் தொடங்குவது பெரும்பாலும் இரண்டாவது மழைக்காலத்தில் என்பதால், அந்தக் காலம் இரண்டு மழைக்காலங்களையாவது உள்ளடக்குகிறதா என்று எண்ணிப் பாருங்கள்.

பிறகு ஒரு காலை நேரத்தில் பணியிடத்துக்குச் செல்லுங்கள். பணியின் பெயர், மதிப்பீடு, ஒப்பந்ததாரர் பெயர், முடிக்கும் நாள் ஆகியவை எழுதிய பலகை அங்கே நிற்க வேண்டும். பலகையில் உள்ள பெயரும், தோண்டும் இடத்தில் நின்று ஆட்களை வேலை வாங்கும் நிறுவனத்தின் பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று விசாரியுங்கள். வேறாக இருந்தால், தகுதி பார்த்துத் தேர்ந்தெடுத்தவர் வேலையை உள்குத்தகைக்கு விட்டுவிட்டார் என்று பொருள். செயற்பொறியாளருக்கு அன்றே எழுத்தில் தெரிவித்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.